தோலில் தெரியாத உதை

1911, ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

கல்லிடைக்குறிச்சி உழவன் ஒருவனின் பிணத்தை இன்று அறுத்துப் பார்த்தேன். மருமகள் கஞ்சியில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவன் தாய் பிராது கொடுத்திருந்தாள். இரைப்பையில் விஷத்தின் அடையாளமே இல்லை. ஆனால் வயிறு முழுக்க இரத்தம். கணையத்திலிருந்தும் முன்சிறுகுடலிலிருந்தும் வரும் சிறு சிரை ஒன்று, கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையோடு சேருமிடத்தில் கிழிந்திருந்தது. நூல் பருமன்தான். மெல்ல ஒழுகியே ஆளைக் கொன்றிருக்கிறது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

வெளியே காவலில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய், "அவனுக்கு வயித்துல அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சொன்னாள்.

"உழவு மாடு உதச்சிட்டு, அய்யா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்லதுக்கு என்ன? ஒன்னயத் தூக்குல போட்டிருப்பாவளே!"

"உதச்ச மாட்ட அத்தை வித்துருவாவ, யார்ட்டயும் சொல்லாதன்னு எம் வீட்டுக்காரவுக சத்தியம் வாங்கிட்டாவ. பிசான நெல்லுக்கு உழவு பாதியில கெடக்கு, அய்யா."

மாடு உதைத்ததை அறிக்கையில் எழுதாமல் அவளை விடுவிக்க வழியில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அவளை விட்டுவிட்டார்கள். போகும்போது என்னை அவள் கும்பிடவில்லை.

மாடு இனி யார் கைக்குப் போகுமோ.