கதவோடு சாய்ந்த நித்திரை

அல்லைப்பிட்டி,
12.02.2003

என் ஜெனிக் குஞ்சு,

மண்டபம் அகதி முகாமுக்கு எழுதிய கடிதம் போன மாதமும் திரும்பி வந்தது. ஏழு வருடத்துக்கு முன் நீ ஏறிய வள்ளம் இந்தியாக் கரை சேர்ந்ததோ என்று சொல்ல ஒருவருமில்லை. செத்தவர்களுக்கான ஆத்துமப் பூசைக்கு உன் பெயரைக் கொடுக்கச் சொன்னார் பங்குச் சுவாமி. நான் கொடுக்கவில்லை.

எனக்கு நெஞ்செரிவு கூடிவிட்டது. "பிள்ளையை நினைச்சு எரியுது" என்பா பக்கத்து வீட்டு றஞ்சனி அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். சண்டை நின்று பாதை திறந்ததால் அக்கா கொழும்புக்குக் கூட்டிப்போனா. தொண்டையால் குழாய் விட்டுப் பார்த்தார் டொக்டர்.

"எத்தினை தலகணி வைச்சுப் படுக்கிறனீங்கள், அம்மா?"

"தலகணியோ? வாசல் கதவிலை சாய்ஞ்சிருந்துதான் நித்திரை. பிள்ளை வந்து தட்டினால் கேக்க வேணுமெல்லே."

"சாய்ஞ்சிருந்தால் புளிச்ச தண்ணி மேலை ஏறாது. அதுதான் இவ்வளவு காலம் தாக்குப் பிடிச்சிருக்கிறியள்."

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையில் துவாரம் பெருத்து, இரைப்பை மேலே ஏறி நிற்கிறதாம். வெட்டித் தைக்க வேண்டுமாம். மாட்டேன் என்று வந்துவிட்டேன். வாசலை யார் பார்க்கிறது?

அம்மா

கொழும்பு,
20.05.2003

குஞ்சு,

ஈஸ்ரர் திருநாளுக்குப் பிறகு சோறு இறங்கவில்லை. இரத்தமாகச் சத்தி எடுத்தேன். "நீ செத்தால் அவளுக்குக் கதவு திறக்கிறது ஆரடி?" என்று அக்கா பேசினா. அந்தச் சொல்லுக்குத்தான் ஒப்புக்கொண்டேன். இப்போது நம் வாசலில் அவதான் படுக்கிறா. அவவின் மகன் றஜீபன் என்னைக் கூட்டி வந்தான்.

நாளைக்கு ஒப்பரேசன். இரைப்பையைக் கீழே இழுத்து, துவாரத்தைத் தைத்து, இரைப்பையின் மேல்பக்கத்தைச் சாப்பாட்டுக் குழாயில் சுற்றிவிடுவார்களாம்.

"வலை பொத்திற மாதிரித்தானே?" என்றேன் டொக்டரிடம்.

"ஓம் அம்மா. இறுக்கிப் பொத்தினால் சோறு இறங்காது. இளக்கினால் திரும்ப ஏறிடும்."

"அப்ப எங்கடை கரைக்கு வாங்கோ, வலை பொத்தப் பழக்கிவிடுறன்."

டொக்டர் சிரித்துவிட்டார்.

உன் அம்மா

அல்லைப்பிட்டி,
14.07.2003

என் செல்லக் குஞ்சு,

எரிவு இல்லை. அக்காவும் தன் வீட்டுக்குப் போய்விட்டா. நேற்றுக் காலை கஞ்சி குடித்துவிட்டுப் பாயில் சும்மா சரிந்தேன். புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரவில்லை. நீட்டி நிமிர்ந்து படுத்தேன், நீ போனபின் நம் வீட்டில் முதல்தரமாக. அப்படியே அயர்ந்துபோனேன். எழும்ப, பின்னேரப் பூசைக்கு மணி அடிக்கிறது.

அக்கா ஓடி வந்தா. "எத்தினை தரமடி தட்டினனான்! செத்துப்போனியோ எண்டு பயந்திட்டன்."

அவ தட்டியது எனக்குக் கேட்கவேயில்லை, குஞ்சு. அவவுக்கு முந்தி நீயும் வந்து தட்டினனியோ?

அம்மா
மாக்கிறேற்