மரத்தில் பழம் இருக்கும்வரை

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஹுவான் பள்ளத்தாக்கில் நானும் உன் அப்பாவும் முழங்கால் வலியைத் தவிர மற்றபடி சௌக்கியம், அபர்டீன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மாடிவீட்டுக்காரர் நடு இரவில் நாற்காலி இழுக்கிறார், பதிலுக்கு நீயும் விடிகாலையில் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், என் ரத்தம்டி அவ என்று பூரித்துப் போனார். தயவுசெய்து நிறுத்து. உன் அப்பாவின் ரத்தம் போன வருடம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நம் செர்ரித் தோட்டத்துக்குக் கீழே உள்ள வீட்டைச் சிட்னியிலிருந்து வந்த அலிஸ்டர் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் வாங்கினார் அல்லவா. அவர் வீடு பார்க்க வந்தது குளிர்காலத்தில், அப்போது இங்கே ஆடு கத்துவதுகூட அதிசயம். பழம் சிவந்ததும் அப்பா வழக்கம்போல் பறவை விரட்ட, கேஸில் தானாக வெடிக்கும் வேட்டுக் குழாயைத் தோட்டத்தில் வைத்தார், அது காலையிலிருந்து இருட்டும்வரை விட்டுவிட்டு வெடிக்க, மனிதர் முதல் நாளே பைஜாமாவோடு மேலே ஓடி வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார், கொஞ்சம் குறைக்க முடியுமா மெர்வ் என்றார். உன் அப்பாவோ, நீ நேத்து வந்தவன்யா, நான் உனக்குப் பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே வேட்டு வச்சவன், புடிக்கலைன்னா வீட்டை வித்துட்டுப் போ என்றார். அவருக்கும் இவர் வயதுதான், ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

விஷயம் வக்கீல்வரை போய், வழக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து பேசலாம் என்று ஹோபார்ட்டில் சமரசம் பேசும் ஓர் அம்மாளிடம் போனோம். அப்பா கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு, முன்னால வந்தவனுக்குத்தான் சட்டம் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தார். அந்த அம்மாள் முதல் வார்த்தையிலேயே அதைப் பஞ்சராக்கிவிட்டார். யார் முன்னால வந்தாங்கறது இதுல செல்லாதுங்க, நாம கோவத்துல திட்டுற நியூசென்ஸ் வேற, சட்டம் சொல்றது வேற, பக்கத்து நிலத்துக்காரர் தன் வீட்டை நிம்மதியா அனுபவிக்க முடியாதபடி நீங்க நியாயத்துக்கு மீறி நடந்தீங்களாங்கறதுதான் கேள்வி என்றார். அப்பாவின் முகம் தொங்கிப்போனது. ஆனா இது பழத்தோட்டம் இருக்கிற ஊரு, பழத்தைக் காப்பாத்த வேட்டு வைக்கிறது ஊர் வழக்கம், பக்கத்துல இருக்கறவங்க அந்த அளவு பொறுத்துத்தான் போகணும் என்றும் சொன்னதும் அலிஸ்டரின் முகம் தொங்க, அப்பா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

பிறகு அந்த அம்மாள் சும்மா கேட்பதுபோல், பறிப்பு எப்போ முடிஞ்சுது என்றார். இதுபோதுமே உன் அப்பாவுக்கு. ஜனவரிக்குள்ள மரத்துல ஒரு பழம் இல்லாம மொட்டையாக்கிட்டோம், பள்ளத்தாக்குலயே நாங்கதான் முதல்ல என்று மார்தட்டினார். பிப்ரவரியில் தன் மனைவியின் பிறந்தநாள் விருந்து முழுவதும் வேட்டு வெடித்தது, அதுவும் குழாயின் வாய் தன் வராந்தாவைப் பார்த்து இருந்தது என்றார் அலிஸ்டர். அப்போ எந்தப் பறவையை விரட்டுனீங்க என்று அந்த அம்மாள் கேட்க, நான் அவர் காலை மிதிக்க மிதிக்க, இதோ உக்காந்திருக்கே இந்தப் பறவையைத்தான் என்று அலிஸ்டரைக் கைகாட்டினார் உன் அப்பா. அதே வேட்டு அதே சத்தம்தான், ஆனால் அடுத்தவரை நோகடிக்கவே வெடித்தால் அது நியூசென்ஸ் ஆகிவிடும், கோர்ட்டுக்குப் போனால் வேட்டே வைக்கக்கூடாது என்று தடை வந்தாலும் வரலாம் என்றார் அந்த அம்மாள். வேட்டு இல்லாவிட்டால் நம் தோட்டம் கிளிகளுக்கு அன்னதானம்தான், வேறு பிழைப்பு நமக்கு ஏது. கடைசியில், மரத்தில் பழம் இருக்கும்வரை வெடிக்கலாம், பறித்து முடிந்ததும் நிறுத்த வேண்டும், மீறினால் கோர்ட் என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளம்பும்போது நான் அந்த அம்மாளிடம் மெதுவாக, இவரால இவர் பொண்டாட்டிக்குத் தூக்கம் போனா அதுக்கு என்ன சட்டம் என்று கேட்டேன். வேலி தாண்டி வர்றதுக்குத்தாம்மா இந்தச் சட்டம், வேலிக்கு உள்ள நீங்கதான் பாத்துக்கணும் என்று சிரித்தார்.

இந்த வருடமும் போன வாரம் பறிப்பு முடிந்தது. வேட்டு நிற்கவில்லை. என்ன என்று பார்த்தால், கொட்டகைக்குப் பின்னால் உள்ள மரத்தில் ஒரே ஒரு கிளையை வேண்டுமென்றே பறிக்காமல் விட்டுவைத்து, அதற்கு வலை போட்டு, தினமும் காலையில் போய்க் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வருகிறார். மரத்துல பழம் இருக்கா இல்லையா, எழுதுனபடிதானே நடக்கறேன் என்கிறார். அலிஸ்டர் எனக்குப் போன் செய்து, லோர்னா, இன்னும் பழம் இருக்கா என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அப்ப திங்கக்கெழம வக்கீலைப் பாக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, இவர்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று சனிக்கிழமை, அப்பா பௌலிங் கிளப்புக்குப் போன உடனே ஏணியை எடுத்தேன். முழங்கால் கெஞ்சியது, விடவில்லை. கிளை முழுவதையும் உருவி ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு கீழே போய், நானும் அலிஸ்டரும் அவர் மனைவியும் வராந்தாவில் உட்கார்ந்து, கொட்டையைத் தோட்டத்தில் துப்பித் துப்பி ஒன்று விடாமல் தின்று தீர்த்தோம். பல் டாக்டர் வீட்டில் இப்படித் துப்பலாமா என்று கேட்டேன், இன்னைக்கு ஒருநாள் துப்புங்க என்றார்.

அப்பா வந்து மொட்டைக் கிளையைப் பார்த்துவிட்டு, யாரு பறிச்சது என்றார். கிளி என்றேன். வேட்டு வெடிக்கும்போதேவா, வலைக்குள்ள பூந்தா என்றார். அதான் சொல்றேன், இந்த வேட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல என்றேன். என் விரல்களைப் பார்த்தார், சிவப்பு இன்னும் போகவில்லை. போய்க் கேஸை மூடிவிட்டு வந்தார். இன்று காலை எதுவும் வெடிக்கவில்லை. நான் கண்ணை மூடிச் சுகமாகப் படுத்திருந்தேன், பக்கத்தில் அவர் புரண்டுகொண்டே இருந்தார், என்ன என்று கேட்டதற்கு, ஊரே செத்த மாதிரி இருக்கு, மனுஷன் எப்படித் தூங்குறது என்றார்.

நீ நல்ல உடம்போடும் நல்ல அண்டை அயலோடும் நீண்ட நாள் வாழ வேண்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் துவைக்காதே, சுருங்கிவிடும். போனில் அப்பா கேட்டால், இந்த வருடம் கிளித் தொல்லை அதிகம் என்று அம்மா எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொல்.

உன் அன்புள்ள அம்மா,
லோர்னா