கண்மேல் ஒரு பட்டை

வியாழன் இரவு.

பல்கலைக்கழக மாநாட்டுக்கான என் ஆய்வுப் போஸ்டரை பாக்கார் ஆராங் வட்டாரத்து அச்சுக் கடையில் அச்சடித்து எடுத்து வந்தேன். செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் முதுகுவலி பற்றியது. நடுவில் அவர்களில் ஒருவரான அம்மாவின் படம். அதற்காகவே தலைவாரி, பொட்டு வைத்து, மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து நின்றார். அடையாளம் தெரியக்கூடாது என்று என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்தான் அம்மாவின் கண்கள்மேல் கறுப்புப் பட்டை போட வைத்தார்.

“பேப்பர்ல திருடனுக்குத்தானே இப்படிப் போடுவாங்க?” என்றார் அம்மா.

“அதான் ரூல்ஸ்மா.”

கீழ் மூலையில் பேராசிரியர் கோட்டும் டையுமாகப் பல் தெரியச் சிரிக்கிறார். அவரை மறைக்க எந்த ரூல்ஸும் இல்லை.

போஸ்டரைக் காட்டவென்று பக்கத்து வீட்டு அக்காவை அம்மா காலையிலேயே அழைத்திருந்தார். அந்த அக்கா கதவைத் தட்டியதும், அம்மா அவசரமாகப் போஸ்டரைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் தள்ளினார்.

“இன்னும் பிரிண்ட் ஆவல லா, அக்கா.”