எலிக்கு வற்றிய வீக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், தையல் மிஷின் நலம், உன் அப்பாவின் வாய் மிக மிக நலம், அவருடைய விரல்கள் மட்டும் நலமில்லை. அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் நீயும் உன் எலிகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், எலிகளுக்காவது வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய், போன் அடித்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

போன மாதம் அவரிடம் நீ அளந்ததெல்லாம் நினைவிருக்கிறதா? உடம்பைக் காக்கவேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதுதான் அவர் வியாதி என்றாய், கஞ்சாச் செடியில் போதை ஏற்றாத ஒரு சரக்கு இருக்கிறது, அதைக் கொடுத்தால் அந்தச் சக்தி அடங்குகிறது, உன் எலிகளின் கால் வீக்கம் வற்றிவிட்டது என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனுஷனுக்கும் இது சரியா வந்துச்சுன்னா நீங்க மாத்திரையத் தூக்கிப் போட்டுடலாம்ப்பா" என்று வேறு சொல்லிவைத்தாய். வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டியவர் அல்லவா, முன்பாதியை வெட்டிக் கழித்துவிட்டுப் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாளே மாத்திரை குப்பைக்குப் போயிற்று. பதிலுக்கு ஆன்லைனில் யாரோ விற்கும், இலைப்படம் போட்ட எண்ணெய்ப் புட்டி ஒன்று வந்திறங்கியது, காலையும் மாலையும் நாக்கடியில் சொட்டு விட்டுக்கொண்டு பரம சுகம் கண்டவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்கிறார். கடையில் தம்பட்டம் தாங்கவில்லை. காற்சட்டை இடுப்பைத் தளர்த்த வந்த போலீஸ்காரரிடம் "எங்க பொண்ணு கஞ்சாவிலதான் சார் பெரிய ஆளு" என்றாரே பார்க்கலாம், அந்த மனிதர் அளவு கொடுப்பதை விட்டுவிட்டு கடை அலமாரியை நோட்டம் விட ஆரம்பித்துவிட்டார். உன் அத்தையோ உனக்கு வரன் கேட்கிற இடத்திலெல்லாம் மூலிகை ஆராய்ச்சி என்று மென்று முழுங்குகிறாள். மாடி வீட்டுக்காரர், பொண்ணு எப்ப வருது என்று என்னிடம் விசாரிக்கிற விசாரிப்பே சரியில்லை, நீ பொட்டலம் கொண்டுவருவாய் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

சிரித்தது போதும். விரல் முட்டிகள் சிவந்து வீங்கிக் கிடக்கின்றன. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, சாக்பீஸால் கோடு மட்டும் போடுகிறார், நான் வெட்டுகிறேன், அந்தக் கோடும் கோணலாகத்தான் வருகிறது. ஊருக்கே பொத்தான் தைத்தவருக்கு நான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறேன். இழுத்துக்கொண்டு போய் மூட்டு டாக்டரிடம் காட்டினேன். மாத்திரையை உடனே ஆரம்பிக்காவிட்டால் விரல்கள் கோணி அப்படியே நின்றுவிடும், அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது என்றார். உன் அப்பா, "எம் பொண்ணைவிட உங்களுக்குத் தெரியுமா" என்று அவரையே மடக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மெதுவாக, "அவ கண்டுபிடிச்சத நானே நம்பலைன்னா வேற யாரு நம்புவா" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்த மனிதர் வலிக்காக அதைக் குடிக்கவில்லையடி, உனக்காகக் குடிக்கிறார்.

மனிதர்களுக்கு இது எப்படியென்று இன்னும் தெரியாது என உன் கட்டுரையின் கடைசியில் நீயே எழுதியிருக்கிறாயாமே, டாக்டர் கணினியில் தேடிப் படித்துச் சொன்னார். உலகத்துக்கெல்லாம் சொல்லத் தெரிந்தது, பெற்ற அப்பனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் முன்னால் மட்டும் நீ மேதாவியாகவே இருக்கவேண்டும். சின்ன வயதிலும் இப்படித்தான், பல்லி ஏன் சுவரிலிருந்து விழுவதில்லை என்று கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்லமாட்டாய், ஒரு கதை கட்டிவிடுவாய், அவரும் வாயைப் பிளந்து கேட்பார். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். எனக்கு இன்னும் தெரியாதுப்பா, மாத்திரையைப் போடுங்க என்று சொல். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம், விளக்கினால் மறுபடியும் வெட்டிவிடுவார். அவர் முகம் சுருங்கும்தான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராத்திரி கண் விழிக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைத்த மருந்தைக் கண்டுபிடித்துப் பேரும் புகழுமாக இருக்கவேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். அன்றைக்கு முதல் ஆளாகக் கைதட்டப் போகிறவர் உன் அப்பாதான், அதுவரைக்கும் அவருக்குக் கை இருக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா