குலுக்கலில் விழுந்த வீடு

இன்று சாயங்காலம் நம் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குக் குலுக்கல். சங்கச் செயலாளர் எவர்சில்வர் குண்டானில் சுருட்டிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நமக்குத்தான் காரே இல்லையே, எதற்குப் போனாய் என்று கேட்பீர்கள். பஜ்ஜி போடுகிறார்கள் என்றார்கள், போனேன். அதையும் தொடாமல் மாடியேறி வந்துவிட்டேன்.

நீங்கள் போன அன்று நான் மாத்திரை வாங்க அம்பத்தூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சமையலறை வாசலில் கிடந்தீர்கள். விழுந்ததும் யாரையாவது கூப்பிட்டீர்களா? கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் இது பெரிய விஷயமாக இருக்காது. நம் வீட்டில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது.

அரசாங்கத்தில் நீங்கள் வீட்டுவசதிக் கொள்கை எழுதிய காலம். கால்வாய் ஓரத்துக் குடிசைக்காரர்களை ஆவடிக்கு அப்பால் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றும்போது, யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற விதி உங்களுடையது. சிபாரிசோடு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினீர்கள். “இதுல யார் கையும் படாது” என்று சாப்பிடும்போது சொன்னீர்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை உங்கள் முகத்தில் நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் அந்தக் குடியிருப்பைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப்போனீர்கள். வள்ளி என்ற பெண் வண்டியை மறித்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை.

“குலுக்கல நான் குத்தம் சொல்லல சார். பச்சையம்மான்னு கண்ணு தெரியாத கெய்வி, ரொம்ப வருசமா எங்க பக்கத்து ஊடு. நான்தான் கையப் புட்ச்சி இட்டுக்கினு போவேன். உங்க சீட்டு என்னிய இந்தாண்ட போட்டுச்சு, அத அந்தாண்ட மூணாவது மாடில போட்டுச்சு. வியுந்து கூவிக்கினே கெடந்து செத்துப் பூட்ச்சு. யார் கொரலுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரில. பக்கத்து ஊட்ல யாரு வேணும்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாமே?”

பிறகு விதியை மாற்றினீர்கள், சேர்ந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்தே வீடு கேட்கலாம் என்று. பச்சையம்மாவுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனீர்கள். கொள்கை வகுப்பின் முதல் நாளில் உங்கள் கேள்வி, “வீட்டுல கீழ விழுந்தா யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவீங்க?” பிள்ளைகள் “ஆம்புலன்ஸ்” என்று சிரிப்பார்களாம். வந்து என்னிடம் சொல்வீர்கள், நீங்கள் மட்டும் சிரிக்காமல்.

திருமுல்லைவாயிலில் இந்த வீடு வாங்கி வந்த பிறகுதான் அந்த நினைப்பு முற்றியது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, “யாரோ கூப்பிடுறாங்க” என்பீர்கள். “கீரைக்காரியா இருக்கும், படுங்க” என்று சிடுசிடுப்பேன். கேட்க மாட்டீர்கள். பக்கத்து பிளாக் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஒருநாள் செருப்புகூடப் போடாமல் ஓடினீர்கள்.

இன்று நான் பாதியில் எழுந்து வந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கார்த்திக் பின்னாலேயே வந்தான். வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் மதுரைப் பையன். நீங்கள் போன அன்றும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். இத்தனை மாதமாக என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனவன், இன்று வாசலில் நின்று அழுதான்.

“அன்னைக்கு அங்கிள் குரல் கேட்டுச்சு ஆன்ட்டி. ‘வர்றேன் பச்சையம்மா, இதோ வந்துட்டேன்’னாரு. யாரோ வந்திருக்காங்கன்னு நெனச்சு நான் எந்திரிக்கல. யாரு ஆன்ட்டி அவங்க?”

“எங்களுக்குப் பக்கத்து வீட்டம்மா” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கூப்பிட்டும் நாதியில்லாமல் போனீர்களோ என்று இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தேன். கடைசிவரை நீங்கள் அவளுக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஆத்திரமாக வருகிறது. என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்.

மத்தியானங்களில் நான் இப்போது கண்ணை மூடுவதில்லை. கதவைத் தாழிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பச்சையம்மா கூப்பிட்டால் இந்த வீட்டிலிருந்து போக இனி நான் ஒருத்திதான் இருக்கிறேன்.