'டிட்' வந்துவிட்டால்

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாயைச் சரிசெய்ய பிளம்பர் வருவார், வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

நேற்று உங்கள் தங்கச்சி முன்னால் நான் 'ஐ டிட் நாட் க்ளோஸ் த டோர்' என்றதும், "க்ளோஸ்ட்னு சொல்லணும்டி! இதுகூடத் தெரியாம இன்டர்வியூவாம்!" என்று சிரித்தீர்களே. தெரிந்துதான் சொன்னேன். கதவை மூடினேன் என்றால் 'க்ளோஸ்ட்'. வாலில் 'எட்' ஒட்டும். மூடவில்லை என்றாலோ, மூடினாயா என்று கேட்டாலோ 'டிட்' முன்னால் வந்து நடந்து முடிந்த காலத்தைத் தன் தலையில் சுமந்துகொள்ளும். பிறகு வாலுக்கு வேலையில்லை. சந்தேகமிருந்தால் மகளின் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டுங்கள்.

இன்று இன்டர்வியூவுக்குப் போகிறேனே, முதியோர் இல்லத்து வேலை அது. யாரைக் குளிப்பாட்டினேன், யாரைக் குளிப்பாட்டவில்லை என்று அடுத்த ஷிஃப்டுக்கு வருபவளிடம் ஆங்கிலத்தில்தான் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அங்கே மாற்றிச் சொல்ல முடியாது. நான் சொல்லவும் மாட்டேன். வேலை எனக்குத்தான்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு வாருங்கள். கோபம் பாதிதான் தீர்ந்திருக்கிறது. பார்த்ததும் 'டிட் யூ பாஸ்?' என்று கேளுங்கள். 'பாஸ்ட்' என்று கேட்டீர்களோ, வேலை கிடைத்திருந்தாலும் வீடு வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.