ஐந்துக்கு அப்புறம் ஏழு

ஜூன் 4

பதினேழாம் எண்காரருக்கு,

நீங்கள் ஐயாவா அம்மாவா என்று எனக்குத் தெரியாது. டப்பாவுக்குள் இருந்த துண்டுச்சீட்டில் ‘கட்டியவர்: 17’ என்று மட்டும்தான் இருக்கிறது. யாராக இருந்தாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பிச் சண்டைக்கு வருகிறேன்.

நான் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூண்டிலோடு ஆற்றங்கரையில் கிடப்பேன். எங்கள் ஆற்றில் மஞ்சள் வால் மீன் என்று ஒன்று உண்டு. புழுவைப் போட்டால் மோந்துகூடப் பார்க்காது. முள்ளில் இறகும் நூலும் சுற்றி நீங்கள் கட்டுகிற பொய்ப்பூச்சிக்கு மட்டும்தான் வாயைத் திறக்கும். அதிலும் நான் பதினேழாம் எண் என்று கேட்டுத்தான் வாங்குவேன். உங்கள் பூச்சி தண்ணீருக்குள் தலையை ஆட்டும். மற்றவர்கள் கட்டியது ஆட்டாது.

இந்த வருடம் வாங்கிய மூன்று டப்பாவும் ஆட்டவில்லை. மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி கழுத்தை விறைத்துக்கொண்டு போகிறது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் என் மனைவி, “மீனுக்கு ஒண்ணும் ஆகலை, உங்களுக்குத்தான் வயசாயிடுச்சு” என்கிறாள்.

என்ன ஆயிற்று? டப்பா மேல் உங்கள் சின்னக் கடையை வரைந்திருக்கிறது, ஓட்டுக் கூரையும் வாசலில் படகுமாக. அந்த ஜன்னலோரம் நீங்கள் உட்கார்ந்து கட்டுவதாக நினைத்துக்கொள்வேன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடிகாரக்காரன்


ஜூன் 17

கடிகாரக்கார அண்ணாவுக்கு வணக்கம்.

நான் அம்மாதான். நாலாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, உங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே என் கையில் கொடுத்தார்கள்.

அண்ணா, கடை ஒன்றும் இல்லை. ஓட்டுக் கூரையும் இல்லை, படகும் இல்லை. இது நாலு மாடிக் கம்பெனி. கீழே மெஷின்கள் கடல் மீனுக்கான முள்ளைப் பொரி மாதிரி கொட்டிக்கொண்டே இருக்கும். படிக்கட்டுக்கு அடியில் ஒரு நீள மேசை. அதில் ஒன்பது பெண்கள். உங்களைப் போல ஒரே ஒரு மீனுக்காக அலைகிறவர்களுக்கு நாங்கள் கையால் கட்டுகிறோம். ஒருத்தி குளிர்ந்த ஏரி மீனுக்கு, ஒருத்தி பாறை இடுக்கு மீனுக்கு, நானும் இன்னும் இரண்டு பேரும் உங்கள் மஞ்சள் வாலுக்கு. டப்பாவில் கம்பெனி பேரைப் போட மாட்டார்கள். சின்னக் கடை பேர்தான் போடுவார்கள். அந்தப் படகை வரைந்தவர் மூன்றாவது மாடியில் இருக்கிறார், தண்ணீர்ப் பக்கமே போனதில்லையாம். எங்கள் ஆபீசர் அடிக்கடி சொல்வார், “மஞ்சள் வாலுக்கு மொத்தமே எண்ணூறு பேர்தாம்மா. ஆனா எண்ணூறு பேரும் கடுதாசி போடுற ஜாதி. பாத்துக் கட்டுங்க.”

எனக்குக் கொஞ்ச நாளாகக் கை சரியில்லை. அதுதான் காரணம். இனிமேல் கவனமாகக் கட்டுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். கம்பெனிக்கு எழுதிவிடாதீர்கள். புகார் வந்தால் அந்த எண்ணை எடுத்துவிடுவார்கள். பதினேழு போனால் எனக்கு வேறொன்றும் மிச்சமில்லை.

இப்படிக்கு,
பதினேழு


ஜூலை 1

தங்கச்சிக்கு,

கை இப்போது எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வையுங்கள்.

கடை இல்லை என்றதும் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். என் மனைவி, “படத்துல இருக்கிற படகு நெசம்னு நம்பின ஆளுதானே நீங்க” என்று சிரித்துத் தீர்த்தாள். போகட்டும். படிக்கட்டுக்கு அடியில் இருந்தாலும் நீங்கள் ஜன்னலோரக்காரிதான்.

ஒரு விஷயம் கண்டுபிடித்துவிட்டேன். கடிகாரக்காரன் புத்தி, சும்மா இருக்க விடவில்லை. பழைய பூச்சி ஒன்றையும் புதியது ஒன்றையும் மேசையில் வைத்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைப் பிரித்து எண்ணினேன். புதியதில் கழுத்துக்கு எட்டுச் சுற்று. பழையதில் ஏழுதான்! அந்த ஒரு சுற்றுக் குறைவதால்தான் கழுத்து இளகித் தலை ஆடுகிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் உங்களுக்கு? மீனோடு பேசிப் பழகியவர்களுக்குத்தான் இது தெரியும்.

பயப்படாதீர்கள், உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல் கம்பெனிக்கு நானே எழுதிப் போட்டுவிட்டேன். பதினேழாம் எண் முன்பு கட்டிய ஏழு சுற்றுதான் சரி, அவரை அப்படியே கட்ட விடுங்கள் என்று. உங்களுக்கு நல்ல பேர்தானே.

இப்படிக்கு,
கடிகாரக்கார அண்ணன்


ஜூலை 12

அண்ணாவுக்கு,

உங்களிடம் பொய் சொன்னேன். என் கைக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் இத்தனை வருடமாக வாங்கியது என் மகள் கட்டியது. ஜனவரியில் காய்ச்சல் என்று படுத்தாள். நாலாம் நாள் கண்ணை மூடிவிட்டாள். இருபத்தாறு முடியவில்லை.

பாருங்கள், அந்த எண்ணை எழுதிவிட்டேன். அடிக்காமல் விடுகிறேன்.

காரியம் முடிந்து பதினைந்தாம் நாள் ஆபீசர் ஆள் அனுப்பினார். “வாங்குறவங்களுக்கு இந்த நம்பர் பழகிடுச்சும்மா. நீங்க வந்து உக்காந்தா சீட்டை மாத்தாம ஓட்டிடலாம்” என்றார். போனேன். அவள் நாற்காலியில் அவள் போட்டு வைத்த பழைய துணி மெத்தை அப்படியே இருந்தது. அதில் உட்கார்ந்துதான் கட்டுகிறேன்.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான்தான். ஆனால் மீனுக்காக இல்லை. அவளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவள் அப்பா மணல் படகோடு தண்ணீரில் போய்விட்டார். உடம்பு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தத் தண்ணீரின் பேரை நான் வாயால் சொன்னதில்லை. ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் இருக்கிற எண்ணுக்கும் அதே பேர்தானே? அதையும் விட்டுவிட்டேன். அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தபோது ஐந்துக்கு அப்புறம் ஏழு என்றுதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் சரியாகச் சொல்வாள். கை ஒரு வேலையில் இருந்தால் மட்டும் வீட்டு எண்ணிக்கைதான் வாயில் வரும். கம்பெனி புத்தகத்தில் எட்டுச் சுற்று. அவளும் எட்டு என்று சொல்லித்தான் நிறுத்தியிருக்கிறாள், பாவம். நீளமும் நிறமும்தான் பார்ப்பார்கள், சுற்றை யார் எண்ணினார்கள்? நான் புதுசு என்பதால் எட்டுக் கோடு போட்ட அட்டையை முன்னால் வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு ஒன்று. அதனால் என் பூச்சி தப்பில்லாமல் இருக்கிறது. அதனால்தான் ஆடவில்லை.

நீங்கள் கம்பெனிக்கு எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். கெட்டது நினைத்து எழுதவில்லை.

எனக்கு ஒன்று வேண்டும் அண்ணா. ஏழு வருடம் கட்டினாள், வீட்டில் அவள் கை பட்ட பூச்சி ஒன்றுகூட இல்லை. வாசலில் பையைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். உங்களிடம் பழையது எது இருந்தாலும், மீன் கடித்தது, இறகு போனது, எதுவானாலும் ஒன்றே ஒன்று அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பதினேழின் அம்மா


ஜூலை 25

தங்கச்சி,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

டப்பா, பழைய சட்டைப் பை, தூண்டில் கூடை, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஆற்றங்கரைக்குப் போய் மற்றவர்களிடமும் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. மீன் இழுத்துக்கொண்டு போனதும் பாறையில் சிக்கி அறுந்ததும்தான். என்னிடம் இருந்த பழைய பதினேழு ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் எண்ணுவதற்காகப் பிரித்தேன்.

பிரித்த நூலைத் தூக்கி எறியவில்லை. தீப்பெட்டியில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முள்ளும் இருக்கிறது. இறகு காற்றில் போய்விட்டது. நூலில் சுற்றின மடிப்பு இன்னும் போகவில்லை, கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பொருளைப் பிரித்துத் திரும்பப் பூட்டுகிறவன் நான். இதைப் பூட்ட எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

என்ன சொல்லி உங்களைத் தேற்றுவேன்? உங்கள் மனசு ஆறட்டும். கொஞ்சம் கொஞ்சமாகவாவது ஆறட்டும்.

அண்ணன்


ஆகஸ்ட் 20

அண்ணாவுக்கு,

தீப்பெட்டி வந்தது.

கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, ஒரு வாரம் இருந்தது. அப்புறம் நூலை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மடிப்பு தெரிந்தது. எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

உங்கள் கடிதம் கம்பெனியில் வேலை செய்துவிட்டது. ஆபீசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கே வந்தார். “ஒரு சுத்துல இவ்வளவு இருக்கா! இத்தனை நாளு தெரியாம போச்சே” என்றார். இப்போது மஞ்சள் வாலுக்கு ஏழு சுற்று என்று புத்தகத்திலேயே மாற்றிவிட்டார்கள். எண்ணூறு பேருக்கும் அதே மாதிரி வேண்டும் என்று இன்னும் நாலு பேரை இந்த வேலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது எதற்கு எண் என்று சீட்டை நிறுத்திவிட்டார்கள். புது டப்பா வந்தால் பாருங்கள், படகு இருக்கும், பதினேழு இருக்காது. அவள் தெரியாமல் செய்த தப்பைத்தான் இப்போது அளவு என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அவள் பேர் அதில் இல்லை.

மேற்பார்வை அம்மா எல்லோரையும் சத்தமாக எண்ணச் சொல்கிறார்கள். மற்றவர்கள் ஏழு என்று நிறுத்துகிறார்கள். கோட்டு அட்டையை எடுத்துவிட்டதால் நானும் இப்போது வாயால்தான் எண்ணுகிறேன். எட்டு என்று நிறுத்துகிறேன். “எக்கா, ஏழுன்னா ஏழு, ஒண்ணு கூடப் போகுது பாரு” என்று பக்கத்தில் இருக்கிற பெண் என் பூச்சியைப் பிடுங்கி எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இனி எனக்கு எழுத வேண்டாம் அண்ணா. எண் இல்லாமல் கடிதம் என் மேசைக்கு வராது. ஆபீசரிடம்தான் போகும். உங்கள் மேல் வருத்தம் இல்லை. உங்கள் மனைவியை உங்களோடு பேசச் சொன்னேன் என்று சொல்லுங்கள். மீன் கிடைக்கட்டும்.

கடைசியில் ஒரு வார்த்தை எழுதியிருந்தீர்கள், என் மனசு அப்படி ஆகட்டும் என்று, இரண்டு தடவை. நல்ல மனசோடுதான் எழுதினீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது, அண்ணா.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா